சடையக்காவின் பின்மண்டை

இருமல் மருந்து ஆலையின் சோதனை மேசையில் பதினெட்டு வருடமாக உட்கார்ந்திருந்தவளுக்கு அங்கே சடையக்கா என்றுதான் பெயர். அவளுக்கு முன்னால் வெள்ளை வெளிச்சம் போட்ட ஒரு கண்ணாடிப் பலகை. அதன் குறுக்கே பாட்டில்கள் வரிசையாக நகர்ந்து போகும், நிமிஷத்துக்கு நாற்பது. உள்ளே தூசி மிதக்கிறதா, கழுத்தில் கீறல் இருக்கிறதா என்று பார்த்து, சரியில்லாததைச் சட்டென்று எடுத்துப் பக்கத்துக் கூடையில் போட வேண்டும். யோசிக்க நேரம் கிடையாது. அவள் கையும் யோசிக்காது. அந்த அம்மாவின் கண்ணுக்குத் தப்பி ஒரு கெட்ட பாட்டில் வெளியே போனதில்லை என்று ஷிப்ட் இன்சார்ஜே புதிதாக வருகிறவர்களிடம் சொல்வார்.

அப்படிப்பட்டவள் வீட்டுக்கு வந்தால் வேறு ஆள். ஜன்னல் திரைக்கு நீலத்துணி எடுப்பதா பச்சைத்துணி எடுப்பதா என்று மூன்று வாரம் தவிப்பாள். கடைசியில் பழைய திரையையே துவைத்து மாட்டிவிடுவாள்.

அவளுடைய சடை இடுப்பைத் தாண்டி, முழங்காலுக்கு ஒரு சாண் மேலே வந்து நிற்கும். ஆலையில் எல்லோரும் தலைக்கு வலை போட்டு, அதன்மேல் துணித்தொப்பி மாட்டிக்கொள்ள வேண்டும். மற்றவர்களுக்குத் தொப்பி தலையில் உட்காரும். அவளுக்கு மட்டும் தலைக்குமேல் இன்னொரு தலை முளைத்தது போலப் புடைத்துக்கொண்டு நிற்கும். காலையில் அரை மணி நேரம் முன்னதாக எழுந்து, பின்னி, சுருட்டி, ஊசி குத்தி, அதைத் தொப்பிக்குள் அடைப்பது நாற்பத்தேழு வயதில் அவளுக்கு மூச்சு விடுவது போலப் பழகிப்போயிருந்தது.

அந்த முடியை மெஷின் வைத்து ஒட்ட வெட்டிவிட வேண்டும் என்ற எண்ணம் எப்போது வந்தது என்று அவளால் சொல்ல முடியவில்லை. ஏன் வந்தது என்பதும் தெரியவில்லை. தலைவலியா என்றால், ஆலையில் பாதிப் பேருக்குத் தலைவலி இருந்தது. நேரம் மிச்சமாகும் என்றால், மிச்சமாகிற நேரத்தில் செய்யவென்று அவளிடம் ஒரு வேலையும் இல்லை. முடி கொட்டவும் இல்லை, பெரிதாக நரைக்கவும் இல்லை. ஒருநாள் பேருந்தில் முன்சீட்டில் ஒட்ட வெட்டிய தலையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் கழுத்தைப் பார்த்தாள். அந்தக் கழுத்தில் காற்று படுவது இவளுக்குத் தெரிந்தது. அன்றைக்குத்தான் வந்ததா, அதற்கு முன்பே இருந்ததா என்று யோசித்தால் அதுவும் குழப்பமாகத்தான் இருந்தது.

மூன்று மாதம் அந்த எண்ணத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தாள். முதலில் மூடிக்காரியிடம் வாய்விட்டாள். மூடிக்காரி என்பவள் பாட்டிலுக்கு மூடி திருகும் மெஷினைப் பார்த்துக்கொள்கிறவள். மதியம் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் சாப்பிடுவார்கள்.

"ஒருத்தங்க முடிய ஒட்ட வெட்டிக்கலாமான்னு யோசிக்கிறாங்க. நீ என்ன நினைக்கிற?"

"யாரு, நீங்களாக்கா?"

"நான் இல்ல. தெரிஞ்சவங்க."

"அந்தத் தெரிஞ்சவங்களுக்குச் சடை எவ்வளவு நீளம்?"

சடையக்கா டப்பாவைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

"உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்று மூடிக்காரி குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "எதுவா இருந்தாலும் எங்கிட்ட சொல்லுங்க. மனசுல வச்சுக்காதீங்க."

"உடம்பு நல்லாத்தான் இருக்கு."

"அப்போ வீட்ல ஏதாவது சண்டையா?"

இல்லை என்றாள். ஆனால் ஏதாவது சண்டை இருந்து தனக்குத்தான் தெரியவில்லையோ என்று சாயங்காலம் வரை அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

வீட்டுக்காரரிடமே கேட்டுவிடலாம் என்று தோன்றியது. அவர் ஃபிரிட்ஜ் ரிப்பேர் பார்க்கிறவர். ஆறு வருடத்துக்கு முன்னால் முடிவெட்டுகிறவரோடு வாக்குவாதம் முற்றி, பாதி வெட்டிய தலையோடு கடையைவிட்டு எழுந்து வந்தவர். மிச்சப் பாதியை வெட்டுவதற்காகவே அன்றைக்கே ஒரு மெஷின் வாங்கினார். அன்றிலிருந்து அவர் தலைக்கு அவரேதான்.

"ஏங்க, நான் முடிய வெட்டிக்கவா?"

"வெட்டிக்கோயேன்."

"நுனிய இல்ல. மெஷின்ல. உங்கள மாதிரி."

அவர் கையிலிருந்த ஸ்குரூ டிரைவர் நின்றது. மனைவியை ஒரு முறை பார்த்தார். மறுபடியும் கழற்றி வைத்திருந்த மோட்டாரைப் பார்த்தார்.

"உன் இஷ்டம்."

"உன் இஷ்டம்னா சரிங்கிறீங்களா, வேணாங்கிறீங்களா?"

"உன் இஷ்டம்னா உன் இஷ்டம்தான். அதுல வேற என்ன இருக்கு?"

அதில் வேறு என்ன இருக்கிறது என்று அவள் ஒரு வாரம் துருவிப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் ரோஷத்தில் வெட்டியிருப்பாள். தாராளமாக வெட்டு என்று சொல்லியிருந்தால் பயந்துபோய் விட்டிருப்பாள். மனிதர் இரண்டு கதவையும் திறந்து வைத்துவிட்டு நடுவே அவளை நிறுத்திவிட்டார்.

கல்லூரியில் படிக்கிற மகள் இன்னும் மோசம். விஷயத்தைக் கேட்டதும் ஃபோனைக் கீழே வைத்துவிட்டு, "ஏம்மா, யார் மேல கோவம்?" என்றாள்.

"யார் மேலயும் இல்லையே."

"அப்போ யாருக்காக வெட்டுற?"

"யாருக்காகவும் இல்லடி."

"சும்மா யாராவது வெட்டுவாங்களாம்மா?" என்று கேட்டுவிட்டு மகள் ஃபோனை மறுபடியும் எடுத்துக்கொண்டாள். சும்மா வெட்டக்கூடாதா என்று திருப்பிக் கேட்க வேண்டும் என்பதே சடையக்காவுக்கு இரண்டு நாள் கழித்து, கண்ணாடிப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போதுதான் தோன்றியது.

அந்தச் சனிக்கிழமை அரைநாள் ஷிப்ட். மத்தியானம் அவள் வீடு திரும்பியபோது யாரும் இல்லை. முகம் கழுவத்தான் குளியலறைக்குப் போனாள். அதை அவள் பிறகு எல்லோரிடமும் சொன்னாள், யாரும் நம்பவில்லை. முகம் கழுவினாள், துடைத்தாள், கண்ணாடிக்குக் கீழே இருந்த தட்டிலிருந்து மெஷின் டப்பாவை எடுத்தாள். அவ்வளவுதான் நடந்தது. முடிவெடுத்த மாதிரியே இல்லை.

டப்பாவுக்குள் மெஷினும், ஒன்று முதல் நான்கு வரை எண் போட்ட பிளாஸ்டிக் சீப்புகளும், சின்ன எண்ணெய்க் குப்பியும் இருந்தன. சின்ன எண் என்றால் குறைவாக வெட்டுமா, குறைவாக மிச்சம் வைக்குமா என்று அதை வைத்தே கொஞ்ச நேரம் குழம்பினாள். புறங்கையில் ஒவ்வொன்றையும் வைத்துப் பார்த்து, பெரிய எண்தான் அதிகம் மிச்சம் வைக்கும் என்று தெரிந்துகொண்டு, நடுவாந்திரமாக மூன்றை எடுத்து மாட்டினாள்.

முதலில் சடையை வெட்டியாக வேண்டும். சமையலறைக் கத்தரிக்கோல் அதில் இறங்கவே மாட்டேன் என்றது. கயிற்றை அறுப்பது போல, கொஞ்சம் கொஞ்சமாக, கை வலிக்க வலிக்கக் கடித்துக் கடித்து அறுத்தாள். கடைசி இழை விட்டதும் சடை தொப்பென்று வாளிக்குள் விழுந்தது. தலை தானாகவே முன்னால் சாய்ந்தது. இத்தனை வருடம் கழுத்து பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது போல. அழுகை வரும் என்று எதிர்பார்த்துக் கொஞ்சம் நின்றாள். வரவில்லை. சிரிப்பு வருகிறதா என்று பார்த்தாள். அதுவும் வரவில்லை. சரி என்று மெஷினைப் போட்டாள்.

மெஷின் இரண்டு விரல் தூரம் போய், முடியைக் கவ்விக்கொண்டு நின்றுவிட்டது. இழுத்து எடுப்பதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மறுபடி கத்தரிக்கோலை எடுத்து, கைக்கு வந்தபடி வெட்டிவிட்டு, மறுபடி மெஷினை ஓட்டினாள். இந்தத் தடவை வழுக்கிக்கொண்டு போனது. நெற்றியிலிருந்து உச்சி வரை ஒரு பாதை விழுந்தது. இனிமேல் உன் இஷ்டமும் இல்லை, என் இஷ்டமும் இல்லை என்று அவள் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள்.

பின்பக்கம்தான் பாடாய்ப் படுத்தியது. மகளுடைய கைக்கண்ணாடியைப் பின்னால் பிடித்து, அதை முன்கண்ணாடியில் பார்த்தால், வலது பக்கம் போக நினைத்த கை இடது பக்கம் போனது. மேலே தள்ளினால் கீழே இறங்கியது போலத் தெரிந்தது. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, கைக்குத் தெரிந்தபடி ஓட்டினாள். அப்போது காதுக்குப் பின்னால் ஏதோ டக்கென்றது. மாட்டியிருந்த சீப்பு கழன்று விழுந்துவிட்டது. தொட்டுப் பார்த்தால் உள்ளங்கை அகலத்துக்குத் தோல்தான் கையில் பட்டது. அந்தத் திட்டோடு மற்ற இடங்கள் ஒத்துப்போக வேண்டுமென்றால் மூன்றாம் எண் ஆகாது. ஒன்றாம் எண்ணை மாட்டி, தலை முழுக்க மறுபடி முதலிலிருந்து ஓட்டினாள்.

எல்லாம் முடிந்து, கொட்டிய முடியைத் தட்டிவிடுவதற்காகக் கையைப் பின்மண்டைக்குக் கொண்டுபோனபோது விரல் ஒரு இடத்தில் நின்றது. வழவழவென்று ஒரு கோடு. தலை வாரும்போது அந்த இடத்தில் சீப்பு எப்போதும் லேசாகத் தட்டும். தலையின் அமைப்பே அப்படி என்று நினைத்திருந்தாள். கைக்கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பிடித்துப் பார்த்தாள். தழும்பு. சுண்டுவிரல் நீளம். இரண்டு பக்கமும் தையல் போட்ட புள்ளிகள். நன்றாகப் பார்த்துத் தைத்திருக்கிறார்கள்.

இத்தனை வருடம் தன்னுடைய தலையிலேயே இருந்ததை அவள் முதல்முறையாகப் பார்த்தாள்.

அம்மா வேறு ஊரில் அண்ணனோடு இருந்தாள். சடையக்கா தரையைக்கூடக் கூட்டாமல் ஃபோன் போட்டாள்.

"அம்மா, எனக்குத் தையல் போட்டிருக்கே, அது எப்ப?"



"தையலா? உனக்கா? உனக்குத் தையலே போட்டதில்லையே."

"கைல தட்டுப்படுதும்மா. கண்ணாடில பார்த்தேன்."

"முடிக்குள்ள இருக்கிறது உனக்கு எப்படித் தெரிஞ்சது?"

முடிக்குள் இருக்கிறது என்று தான் சொல்லவே இல்லையே என்பது சடையக்காவுக்கு உடனே உறைத்தது. முடியை வெட்டிவிட்டேன் என்றாள். அம்மா ஃபோனை வைத்துவிட்டாள். பத்து நிமிஷம் கழித்து அவளே கூப்பிட்டு, "சின்ன வயசுல கட்டில்லேர்ந்து விழுந்துட்ட. அவ்வளவுதான். அதப் போய்ப் பெரிசா பேசிக்கிட்டு" என்று ஒரே மூச்சில் சொல்லி மறுபடி வைத்துவிட்டாள்.

அதற்குள் வீட்டுக்காரர் வந்தார். கருவிப்பையோடு வாசற்படியிலேயே நின்று அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"மூணா?"

"ஒண்ணு."

"ம்." உள்ளே வந்து பையை வைத்தார். "மெஷினுக்கு எண்ணெய் போட்டியா?"

அவள் திரும்பி நின்று பின்மண்டையைக் காட்டினாள். "இது உங்களுக்குத் தெரியுமா?"

அவர் கிட்டே வந்து விரலால் தடவிப் பார்த்தார். கல்யாணமாகி இருபத்துநாலு வருடம். "எனக்கு எப்படித் தெரியும்? உங்க வீட்ல சொல்லலையே" என்றார். வாங்கி வைத்த பொருளில் விரிசல் கண்டுபிடித்தது போல அவர் சொன்ன விதம் அவளுக்குச் சிரிப்பும் எரிச்சலுமாக இருந்தது. மகள் வந்து பார்த்து, முதலில் "ஐயோ" என்றாள், அப்புறம் நாலு பக்கமும் சுற்றிவந்து, "நல்லா இருக்கும்மா, ஆனா நீ யாருன்னுதான் தெரியல" என்றாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணிக்குக் கதவைத் திறந்தால் அண்ணன் நின்றான். டயர்க் கடை வைத்திருக்கிறவன். கடையை ஒருநாளும் மூடாதவன். மூன்று மணி நேரம் பேருந்தில் வந்திருந்தான். தங்கையின் தலையைப் பார்த்ததும் அவன் முகம் கோணிக்கொண்டது.

"என்னண்ணா, சொல்லாமக் கொள்ளாம?"

"திரும்பு."

"என்னது?"

"திரும்பும்மா கொஞ்சம்."

திரும்பினாள். அவன் தொடவில்லை. பின்னால் அவன் மூச்சு மட்டும் கேட்டது.

"நான்தான்" என்றான். "எனக்கு ஏழு வயசு, உனக்கு மூணு. நம்ம பழைய வீட்டு இரும்புக் கேட்ல ஏறி நின்னு ஆடிக்கிட்டிருந்தேன். நீ பின்னாடி வந்தது தெரியல. கேட் போய் உன் தலைல அடிச்சது. அந்தச் சத்தம் இன்னைக்கும் எனக்குக் கேக்குது. யார்கிட்டயும் சொல்லாதேன்னு அம்மா சொன்னாங்க. உங்கிட்டகூட."

தெரியாத அடிக்கு எப்படி வலிக்கும்? ஆனால் வேறொன்று இப்போது புரிந்தது போல இருந்தது. இந்த அண்ணன் அவளிடம் ஒருமுறைகூடக் குரல் உயர்த்தியதில்லை. எதைக் கேட்டாலும் கொடுத்துவிடுவான், கேட்காததையும் கொடுப்பான். அவள் கல்யாணத்துக்குப் பணம் சேர்க்கவென்று சின்ன வயதிலேயே படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போனான். பாசம் என்று ஊரே சொன்னது, அவளும் அப்படித்தான் நினைத்தாள். இதற்கெல்லாம் காரணம் அந்தக் கேட்டா? அப்படியென்றால் பாசம் இல்லையா? இரண்டும் ஒன்றாக இருக்க முடியாதா?

"போண்ணா, ஏழு வயசுப் பையனுக்கு என்ன தெரியும்?" என்றாள். அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். வீட்டுக்காரர் மெதுவாக எழுந்து தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் உள்ளே போனவர், அரை மணி நேரம் வரவே இல்லை.

திங்கட்கிழமை ஆலையில் தொப்பி புருவத்தில் வந்து உட்கார்ந்தது. பின்னால் ஊசி குத்திச் சுருக்க வேண்டியிருந்தது. ஆளுக்கு ஒரு காரணம் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார்கள். இன்சார்ஜ் கூப்பிட்டு, லீவு வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம் என்று தழுதழுத்த குரலில் சொன்னார். மூடிக்காரி மட்டும், "அந்தத் தெரிஞ்சவங்க எப்படி இருக்காங்க?" என்று கேட்டு, தன் டப்பாவிலிருந்து ஒரு பங்கை எடுத்து அவள் டப்பாவில் வைத்தாள். அன்றைக்கு முதல்முறையாக ஒரு கீறல் பாட்டில் சடையக்காவைத் தாண்டிப் போய், அடுத்த மேசையில் பிடிபட்டது.

அந்த வாரக் கடைசியில் அம்மாவே வந்தாள். அண்ணன் பேருந்தில் ஏற்றிவிட்டு, கூட வரவில்லை. எழுபத்துநாலு வயதில் தனியாக வந்தவள் பையைக் கீழே வைப்பதற்கு முன்பே, "அவன் என்ன சொன்னான்?" என்றாள்.

சடையக்கா சொன்னாள்.

"அவன் இல்ல" என்றாள் அம்மா. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். "நான்தான். அன்னைக்கு உங்கப்பாவோட சண்டை. கோவத்துல வெளிய போனவ, கேட்ட அறைஞ்சு சாத்தினேன். நீ என் பின்னாலயே ஓடி வந்து, அடி வாங்கி மல்லாக்க விழுந்திருக்க. நான் திரும்பிப் பார்க்கல. சத்தம் கேட்டு அக்கம்பக்கத்துல எல்லாரும் ஓடி வந்தப்ப, இவன் கேட்டப் பிடிச்சுக்கிட்டு நின்னான். ஏன்டா இப்படிப் பண்ணேன்னு யாரோ அவனக் கேட்டாங்க. அவன் இல்ல, நான்தான்னு நான் சொல்லல."

"ஆனா அண்ணா ஆடினேன்னு சொல்றானேம்மா. சத்தம்கூடக் கேக்குதுங்கிறான்."

"ஏழு வயசு. எல்லாரும் நீ நீன்னு சொன்னா, செஞ்சோம்னுதான் நினைச்சுப்பான். அப்புறம் அவனுக்கே அது கண்ணால பார்த்த மாதிரி ஆயிடுச்சு."

"இத்தனை வருஷத்துல அவங்கிட்ட ஒரு நாளாவது சொல்லியிருக்கலாமே."

"நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன்" என்றாள் அம்மா. "உனக்கு முடி வளர்ந்து மறைஞ்சிடுச்சு."

சடையக்கா அண்ணனைக் கூப்பிட்டு, ஃபோனை அம்மா கையில் கொடுத்தாள். அம்மா அதையே மறுபடி சொன்னாள். அண்ணன் பேசியது வெளியே வரை கேட்டது. "எனக்காகப் பொய் சொல்லாதம்மா. இந்த வயசுல எதுக்கு? நான்தான் ஆடினேன். எனக்கு ஞாபகம் இருக்கு." அம்மா ஃபோனை நீட்டினாள். "நம்ப மாட்டேங்கிறான்" என்றாள்.

யாரை நம்புவது? அம்மா மகனின் பாரத்தை இறக்க, இல்லாத பழியைத் தன்மேல் இழுத்துப் போட்டுக்கொள்கிறாளா? இல்லை, உண்மையிலேயே இத்தனை வருடம் மகன் தலையில் வைத்த பழியை இப்போதுதான் எடுக்கிறாளா? பார்த்தவர்களில் அப்பா உயிரோடு இல்லை. அந்த வீடும் இல்லை, அந்தக் கேட்டும் எந்தக் காய்லாங்கடைக்குப் பழைய இரும்பாகப் போனதோ. அங்கே இருந்த மூன்றாவது ஆள் இவள்தான். மண்டை உடைந்தவளுக்கே ஒன்றும் ஞாபகம் இல்லை.

ராச்சாப்பாட்டுக்கு முன்னால் அம்மா அவளைத் தரையில் உட்காரச் சொல்லி, பின்னால் கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள். கண் சரியாகத் தெரியாதவள்தான். ஆனால் விரல் தேடவே இல்லை, நேராகத் தழும்பில் போய் நின்றது. அம்மா சொன்னதுதான் நிஜம் என்று சடையக்காவுக்குப் பட்டது. உடனே, பதினைந்து வருடம் இந்தத் தலைக்கு எண்ணெய் தேய்த்த விரல், எங்கே எது இருக்கிறது என்று தெரியாமலா இருக்கும் என்றும் தோன்றியது. அதை வைத்து இதுதான் நடந்தது என்று எதையும் சொல்ல முடியாது.

"இத மறைக்கத்தான் முடிய வெட்டவே விடலியாம்மா?"

"போடி. உனக்கு அழகா இருந்துச்சு, வளர்த்தேன்" என்றாள் அம்மா. விரல் அங்கேயேதான் இருந்தது. "இப்பவும் ஒண்ணும் மோசமில்ல. உங்கப்பா மண்ட மாதிரியே இருக்கு."

அம்மா பத்து நாள் இருந்துவிட்டுப் போனாள். சடையக்கா மூன்று வாரத்துக்கு ஒருமுறை தலைக்கு மெஷின் ஓட்டுகிறாள். பின்பக்கத்தை மட்டும் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்கிறார், தழும்பு கிட்டே வரும்போது ஃபிரிட்ஜின் செப்புக்குழாயைத் தொடுகிறவர் போல மூச்சைப் பிடித்துக்கொள்கிறார். ஆலையில் அவள் பெயர் இன்னமும் சடையக்காதான். புதிதாக வருகிறவர்கள் ஏன் என்று கேட்டால், மூடிக்காரி ஆளுக்கு ஒரு கதை சொல்கிறாள்.

இரண்டு மாதம் கழித்து அண்ணன் ஃபோன் செய்தான். அப்பாவின் பழைய கைக்கடிகாரத்தை ரிப்பேர் செய்து தானே கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னான். அது எனக்கென்று அப்பா சொன்னது என்று அவள் சொன்னாள். அப்படிச் சொல்லவே இல்லை என்றான் அவன். சொன்னார், இல்லை, சொன்னார், இல்லை என்று இரண்டு பேரும் ஏறுக்குமாறாகக் கத்தினார்கள். "எப்பப் பார்த்தாலும் எனக்கு எனக்குன்னு! அந்த முடியோட சேர்த்து மூளையையும் வெட்டிட்டியா? வைடி ஃபோன" என்று சொல்லி அவனே டக்கென்று வைத்துவிட்டான்.

அவள் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறை நடுவே நின்றாள். காது மடல் சூடாக இருந்தது. இத்தனை வயதுக்கு அண்ணன் அவளை ஏசுவது இதுதான் முதல் தடவை.

"என்ன ஆச்சு? யாரு?" என்று வீட்டுக்காரர் உள்ளே இருந்து கேட்டார்.

"அண்ணா. கண்டபடி திட்டிட்டு வச்சிட்டான்."

"அதுக்கு ஏன் சிரிக்கிற?"

"சிரிக்கிறனா?" என்று கேட்டுவிட்டு, கடிகாரம் விஷயத்தில் இன்னும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டியிருந்ததால் அவள் திரும்ப அண்ணனின் எண்ணை அழுத்தினாள்.